குழாய் எரிவாயுவுக்கு மாறும் சென்னைக் குடியிருப்புச் சங்கங்களுக்கு

சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

வீட்டுக்கொரு கசிவு சென்சார் என்று மொத்தமாக வாங்கும் பேச்சு பல அடுக்குமாடிகளில் நடக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் பொதுக்குழுவில் விலையைப் பற்றி நடக்கும் வாக்குவாதத்தில் பாதிகூட, அதைச் சுவரில் எங்கே மாட்டுவது என்பதைப் பற்றி நடப்பதில்லை.

சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் கலவை. காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையோடு படரும். அதற்கான சென்சார் தரையிலிருந்து ஓரடிக்குள் இருக்க வேண்டும். குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். காற்றின் எடையில் பாதியைவிடச் சற்றே கூடுதல். அது மேலே ஏறிக் கூரையடியில் தேங்கும். சிலிண்டர் காலத்துச் சென்சாரை அதே மூலையில் விட்டுவிட்டுக் குழாய்க்கு மாறினால், தலைக்கு மேல் வாயு சேர்ந்துகொண்டிருக்க, கீழே அது பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். இடத்தை மாற்றினால் மட்டும் போதாது. மீத்தேனை உணரும்படி அளவுதிருத்தம் செய்த கருவிதானா என்றும் விற்பவரிடம் கேளுங்கள்.

சென்சார் கசிவை உணர்ந்ததும் குழாயைத் தானாக அடைக்கும் வால்வைச் செலவு என்று தள்ளிவிட்டு, வெறும் அலாரத்தோடு நிறுத்திக்கொள்ளும் தீர்மானங்கள்தான் எனக்குக் கவலை தருகின்றன. பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் அலாரம் யாருக்காக அடிக்கிறது? பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, மூக்கும் காதும் மந்தமான பெரியவர் தனியே வசிக்கும் வீடுகள் நம் ஊரில் எத்தனை! சத்தம் கேட்டு ஓடிவரும் வாட்ச்மேனின் கை முதலில் விளக்குச் சுவிட்சுக்குத்தான் போகும். பற்றிக்கொள்ள அந்தப் பொறியே போதும். ஜப்பானில் வீட்டு மீட்டரே வலுவான நிலநடுக்கத்தையோ வழக்கத்துக்கு மாறான வாயு ஓட்டத்தையோ உணர்ந்து தானாக அடைத்துக்கொள்கிறது. நாம் சென்சாரையும் வால்வையும் இணைத்தாலே அந்த வேலையில் பெரும்பகுதி நடந்துவிடும்.

வால்வில் ஒரு சிக்கல் உண்டு. மின்சாரம் இருந்தால்தான் திறந்திருக்கும் வகையே பாதுகாப்பானது. ஆனால் கரன்ட் போகும்போதெல்லாம் அடுப்பும் அணையும். நாலு நாள் பொறுப்பார்கள், ஐந்தாம் நாள் பிளம்பரை அழைத்து வால்வையே கழற்றிவிடுவார்கள். ஆகவே இன்வெர்ட்டர் இணைப்பையும் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். ஒருமுறை அடைந்த வால்வு தானாகத் திறக்கக் கூடாது; அடுப்புக் குமிழ்கள் மூடியிருப்பதைப் பார்த்த பிறகு கையால்தான் திறக்க வேண்டும். குழாயில் கை வைக்கும் வேலை எரிவாயு நிறுவனத்தின் அனுமதியோடு நடக்கட்டும்.

சென்சாருக்கும் ஆயுள் உண்டு. சில ஆண்டுகளில் மாற்றியே ஆக வேண்டும். சாம்பிராணிப் புகைக்கும் கொசு ஸ்பிரேவுக்கும் அலறுகிறது என்று பிளக்கைப் பிடுங்கிவிடும் வீடுகளும் இருக்கும். பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஆண்டுச் சோதனையை எழுதி வாங்குங்கள். சிகரெட் லைட்டரைக் காட்டிச் சோதிப்பவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அதில் இருப்பது பியூட்டேன். மீத்தேனைக் கருவி உணருமா என்பதை அது காட்டாது. உரிய சோதனை வாயுவைக் கொண்டுவரச் சொல்லி, அலாரம் அடித்ததும் வால்வு மூடிக்கொள்கிறதா என்று நேரில் பார்த்த பிறகே காசோலையில் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
அடுக்குமாடிவாசி ஒருவர்