60/40ன்னு லேபிள் ஒட்டியிருந்தா போதுமா? சால்டர் கம்பி பத்தி எங்க கடையிலேர்ந்து ஒரு மடல்

வணக்கம். பெங்களூரு எஸ்.பி. ரோட்டுல நம்ம கடைக்கு வர்ற டிவி, யுபிஎஸ் மெக்கானிக்குங்க, பீன்யாலயும் பொம்மசந்திராலயும் சின்னதா அசெம்ப்ளி யூனிட் வச்சிருக்கிறவங்க, ஓசூர்லேர்ந்து பஸ் ஏறி வர்ற தம்பிங்க, ப்ராஜெக்ட்டுக்கு சாமான் வாங்க வர்ற காலேஜ் பசங்க, எல்லாருக்கும் சேர்த்துதான், போர்டுல பாகங்களை உருக்கி ஒட்டுற சால்டர் கம்பி பத்தி இதை எழுதுறேன். 60/40ங்கிறது அந்த கம்பில ரெண்டு உலோகம் கலந்திருக்கிற கணக்கு, என்னென்னன்னு கீழ சொல்றேன். கொஞ்ச நாளா கவுண்டர்ல ஒரே கேள்வி, "அண்ணா, ரெண்டு கடை தள்ளி இதே 60/40 ரீல் இவ்ளோ கம்மியா குடுக்குறாங்க, உங்ககிட்ட மட்டும் ஏன் ஜாஸ்தி?" நியாயமான கேள்விதான், ஆனா சனிக்கிழமை கூட்டத்துல நின்னுக்கிட்டு ரெண்டு வார்த்தைல சொல்லி முடிக்க முடியல.

போன வருஷம் நானே ஒரு தப்பு பண்ணேன். விலை குறைவா வருதேன்னு புது ஆள்கிட்ட ஒரு பெட்டி வாங்கி வித்துட்டேன், லேபிள்ல 60/40ன்னு பளிச்சுன்னு இருந்துச்சு. மூணு வாரம் கழிச்சு நம்ம பழைய கஸ்டமர் ஒருத்தர் பை நிறைய இன்வெர்ட்டர் போர்டு எடுத்துட்டு வந்தாரு, ட்ரான்ஸ்ஃபார்மர் கால் எல்லாம் டிரை சால்டர், அதாவது சரியா பிடிக்காத ஜாயின்ட், லென்ஸ் வச்சு பாத்தா காலை சுத்தி வளையம் மாதிரி விரிசல். அவர் கைவேலை எனக்கு நல்லா தெரியும், இருபது வருஷமா பத்தவைக்கிறவரு, அதனால சந்தேகம் கம்பி மேலதான் வந்துச்சு. சூடு செட் பண்ற சால்டரிங் ஸ்டேஷனை 200 டிகிரில வச்சு, பிட் (அயர்னோட சூடாகுற முனை) நுனில நிஜமாவே 200 இருக்கான்னு தெர்மாமீட்டர்ல பாத்துட்டு தொட்டேன். நம்ம பழைய கம்பி தண்ணி மாதிரி ஓடுச்சு, இது அரைச்ச மாவு மாதிரி கொழகொழன்னு நின்னுச்சு. அன்னைக்கே மிச்சம் இருந்த ரீலை எல்லாம் எடுத்து ஓரம் வச்சுட்டு, வாங்கிட்டு போனவங்களுக்கு போன் பண்ணி மாத்திக் குடுத்தோம். அதுக்கப்புறம் எந்த பெட்டி வந்தாலும் உருக்கிப் பாக்காம ரேக்ல ஏத்துறதில்ல.

இதுல நம்ம தமிழ்லயே ஒரு குழப்பம் இருக்கு. ஈயம்னு ஒரே வார்த்தைல ரெண்டு உலோகத்தை சொல்றோம். வீட்ல ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம், அதாவது டின். பேட்டரிக்குள்ள இருக்கிறது காரீயம், அதாவது லெட். இங்க கன்னடக்காரங்க தவர, சீஸன்னு தனித்தனியா சொல்லிடுறாங்க, நாம ஈயம், ஈயக்கம்பின்னு பொதுவா கேட்டு வாங்கிட்டு போயிடுறோம். 60/40ன்னா 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். காரீயத்தை விட வெள்ளீயம் பல மடங்கு விலை, சத்தீஸ்கர் பக்கம் கொஞ்சம் எடுக்குறாங்க, மத்தபடி பெரும்பாலும் இறக்குமதிதான். அதனால ஏமாத்தணும்னு நினைக்கிறவன் முதல்ல கை வைக்கிறது வெள்ளீயத்துலதான், லேபிளை மாத்தாம உள்ள 40/60 ஆக்கிடுவான், 30/70 கூட ஆக்கிடுவான்.

சரி, காரீயம் ஜாஸ்தியானா என்ன கெட்டுப்போச்சு? ஈயச்சொம்பை காலியா அடுப்புல வச்சா உருகிடும்னு நம்ம அம்மாங்க எல்லாருக்கும் தெரியும், வெள்ளீயம் 232 டிகிரில உருகும். காரீயம் 327. ஆனா ரெண்டையும் 63க்கு 37ன்னு கலந்தா ரெண்டையும் விட குறைவா, 183லயே உருகிடும், அதே 183ல ஒரே நொடில இறுகியும் போயிடும், நடுவுல கொழகொழ நிலையே கிடையாது. 60/40 அதுக்கு பக்கத்து வீடு மாதிரி, 183ல இளக ஆரம்பிச்சு 190 கிட்ட முழுசா ஓடிடும், சாதாரண வேலைக்கு வித்தியாசமே தெரியாது. 50/50 முழுசா உருக 210 தாண்டணும், 40/60க்கு 240 கிட்ட வேணும், 30/70க்கு அதுக்கும் மேல. இறுகும்போதும் அவ்ளோ தூரம் இறங்கி 183 வரணும், அதுவரைக்கும் பாதி கெட்டி பாதி தண்ணியா நிக்கும், அந்த நேரத்துல கை லேசா ஆடினாலோ கம்பி அசைஞ்சாலோ ஜாயின்ட் உள்ளுக்குள்ள கிழிஞ்சு போயிடும். வெளிய பாத்தா ஒட்டின மாதிரிதான் இருக்கும்.

பழைய போர்டு, சால்டர் பாத் (உருக்கின சால்டர் தொட்டி) கழிவெல்லாம் உருக்கி திரும்ப கம்பியா இழுக்கிறதும் நடக்குது. சரியா சுத்தம் பண்ணலன்னா செம்பு, ஜிங்க் எல்லாம் உள்ள தங்கிடும், ஜிங்க் துளி இருந்தாலே பளபளப்பு போய் மணல் மணலா ஆயிடும், ஓட்டமும் வராது.

வீட்லயே பாக்குறதுக்கு வழி இருக்கு. ஒரு டைல்ஸ் துண்டு மேல பட்டாணி அளவு உருக்கி விட்டு, தொடாம, ஊதாம பாருங்க. 63/37ன்னா டக்குன்னு கண்ணாடி மாதிரி இறுகும், காரீயம் ஜாஸ்தின்னா மெதுவா, மேல உப்பு பூத்த மாதிரி மங்கும். கம்பியை வெள்ளைத்தாள்ல கிழிச்சும் பாக்கலாம், பென்சில் மாதிரி அழுத்தமா கோடு விழுந்தா சந்தேகப்படுங்க. இன்னொன்னு, காரீயம் கனம். 22 கேஜ் (SWG, ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர் தடிமன்) கம்பி 50 கிராமுக்கு கணக்கு போட்டா 60/40ல ஏறக்குறைய 15 மீட்டர் வரும், 30/70ல 13 மீட்டர்தான். அதாவது கிலோ கணக்குல விலை குறைவா தெரியுறது மீட்டர் கணக்குல அவ்ளோ குறைவு இல்ல, ஒரு ஜாயின்ட்டுக்கு நீங்க செலவு பண்றது கனம் இல்லையே, கம்பியோட நீளம்தானே.

ஃபிளக்ஸ் பத்தி யாரும் கேக்குறதே இல்ல, எனக்கு அதுதான் வருத்தம். கம்பிக்கு நடுவுல ஓடுற ரோசின்தான் (பைன் மரப்பிசின்) அந்த ஃபிளக்ஸ், அதுதான் செம்பு மேல இருக்கிற ஆக்சைடை எடுத்து சால்டரை பரவ விடுது. எடைல அது ரெண்டு மூணு சதவீதம்தான் இருக்கும், ஆனா மட்டமான ரீல்ல அங்கங்க ஃபிளக்ஸே இல்லாம விட்டுப்போயிருக்கும், பத்து ஜாயின்ட் நல்லா வரும், பதினோராவது உருண்டையா திரண்டு நிக்கும், உடனே நாம அயர்னை திட்டுவோம், ஹீட்டை ஏத்துவோம், போர்டுல இருக்கிற செம்புக்கோடு (ட்ராக்) பிச்சுக்கிட்டு வந்துடும். பிளேடால சாய்வா வெட்டி லென்ஸ்ல பாத்தீங்கன்னா நடு ஓட்டைல ரோசின் தெரியும். அது இல்லாததுக்கு டப்பா பேஸ்டை அள்ளி வைக்கிறாங்க பாருங்க, அதுல சிலது தகரவேலைக்கான ஆசிட் ஜாதி, போர்டுல தங்கினா கொஞ்ச மாசத்துல செம்புல பச்சையா களிம்பு ஏறிடும். தயவுசெஞ்சு எலக்ட்ரானிக்ஸ் போர்டுக்கு அதை போடாதீங்க, ரோசின் ஃபிளக்ஸ்னே தனியா கேளுங்க.

லெட் ஃப்ரீ, அதாவது காரீயம் இல்லாத சால்டர், யாருக்குன்னா, எக்ஸ்போர்ட் போர்டு பண்றவங்களுக்கு. ஐரோப்பால 2006 ஜூலை 1லேர்ந்து ரோஸ் (RoHS) சட்டம், எலக்ட்ரானிக்ஸ் சாமான்ல காரீயம் 0.1 சதவீதத்துக்கு மேல கூடாது. நம்மகிட்ட இருக்கிற லெட் ஃப்ரீ கம்பி சாக் (SAC) 305, மூணு சதவீதம் வெள்ளி, அரை சதவீதம் செம்பு, மத்ததெல்லாம் வெள்ளீயம், அதான் அந்த விலை. 217க்கு மேலதான் உருகும், ஜாயின்ட் கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும், அது அதோட இயல்பு, மட்டம்னு திருப்பிக் கொண்டு வர வேண்டாம். பிட்டை சீக்கிரம் அரிக்கும், அதனால லெட் வேலைக்கு ஒரு பிட், இதுக்கு ஒரு பிட்னு பிரிச்சு வச்சுக்கோங்க. ரிப்பேர் வேலைக்கு, பழகுறதுக்கு நான் இதை சொல்லவே மாட்டேன், 63/37 போதும்.

மொபைல் வேலை பாக்குறவங்க 138 டிகிரில உருகுற சால்டர் பேஸ்ட் கேப்பீங்க, அது பிஸ்மத் கலந்தது. ஹீட் தாங்காத இடத்துக்கு நல்லது, ஆனா கீழ விழுந்தா விட்டுப்போற அளவுக்கு உடையக்கூடியது. பழைய லெட் சால்டர் இருக்கிற பேட் மேல அதை போட்டா வெள்ளீயம், காரீயம், பிஸ்மத் மூணும் கலந்து 96 டிகிரிலயே இளகுற பகுதி உண்டாகும், அதனால பழசை விக் (சால்டரை உறிஞ்சுற செம்புப் பின்னல்) வச்சு சுத்தமா எடுத்துட்டு போடுங்க.

பசங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ரெண்டு கையும் வேலையா இருக்குன்னு கம்பியை பல்லுல கடிச்சு பிடிக்கிறத இங்கயே பாக்குறேன், வேணாம்பா, அது காரீயம். அந்த புகைல வர்றது லெட் இல்ல, ரோசின்தான், ஆனா அதுவும் ஆஸ்துமா வரவழைக்கும், சின்ன ஃபேன் ஒண்ணு வச்சு முகத்துக்கு வராம இழுத்து விடுங்க. சோப்பு போட்டு கை கழுவாம டீ, பஜ்ஜி பக்கம் போகாதீங்க.

இப்போ கவுண்டர்ல இடது பக்கம் ஒரு ஸ்டேஷன் 200ல வச்சிருக்கோம், பக்கத்துல டைல்ஸ் துண்டும் லென்ஸும் இருக்கு. வேற எந்த கடைல வாங்கின கம்பியா இருந்தாலும் ஒரு சாண் வெட்டி எடுத்துட்டு வாங்க, நம்ம 63/37 கூட சேர்த்து வச்சு உருக்கிப் பாக்கலாம், காசு ஒண்ணும் வேணாம். கூட்டம் இல்லாம பொறுமையா பாக்கணும்னா காலைல கடை திறந்தவுடனே வந்துடுங்க.