உமியும் கிணற்றுத் தண்ணீரும்

கிளிநொச்சி

அன்புள்ள நண்பனுக்கு,

நாங்கள் நலம். சின்ன மாமாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. விழித்தவுடன் உன்னைத்தான் விசாரித்தார், அந்தச் சைக்கிள் கணக்கையும் சேர்த்து.

எழுத வந்த விடயம் உமி. காலபோக நெல் குற்றியபின் ஆலைக்குப் பின்புறம் குவியுமே, அதே உமிதான். நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு உமி. உமியை எரித்தால் அதில் ஐந்திலொரு பங்கு சாம்பல். நன்கு எரிந்த சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, மணலில் இருக்கும் அதே பொருள். அறிவியல்நகரில் படிக்கும் மருமகன் செய்து காட்டினான். அமிலத்தில் கழுவிய உமியை 600 பாகை செல்சியஸ் அளவில் எரித்து, சாம்பலைக் கோஸ்டிக் சோடாவில் காய்ச்சி வடித்து, அந்தத் தெளிந்த கரைசலில் அமிலத்தைத் துளித்துளியாக விட, அது கண்முன்னே கலங்கிக் கஞ்சிபோல் உறைந்தது. கழுவி உலர்த்தினால் நனோ சிலிக்கா, அதாவது மிக மிக நுண்ணிய சிலிக்காத் தூள். ஒரு கிராம் தூளின் மேற்பரப்பு நூறு சதுர மீற்றரையும் தாண்டக்கூடியது. எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

ஆனால் ஊர்க்கூட்டத்தில் ஒருவர், இந்தத் தூளைப் போட்டால் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் மிகுந்திருக்கும் புளோரைட்டு போய்விடும் என்று எல்லோருக்கும் உறுதி கொடுத்துவிட்டார். செட்டிகுளம் பக்கம் பிள்ளைகளின் பல்லில் அந்தப் புளோரைட்டால் படிந்திருக்கும் பழுப்பை நீயும் பார்த்தவன். அந்தத் தாய்மாருக்குப் பொய்யான நம்பிக்கை கொடுக்க எனக்கு மனமில்லை. நீரில் சிலிக்காவின் மேற்பரப்பு மறையேற்றம் உடையது. ஆகவே ஈயம், கட்மியம் போன்ற நேரேற்ற அயன்களை அது பிடிக்கும், தானும் மறையேற்றம் கொண்ட புளோரைட்டைப் பிடிக்காது. அதன்மேல் அலுமினியம் அல்லது இரும்பு ஒட்சைட்டைப் படியவிட்டால்தான் வழி பிறக்கும். அப்போதும், எங்கள் வன்னீரில் (கடின நீரில்) நிறைந்துள்ள இருகாபனேற்று என்ற உப்புக்கூறு, புளோரைட்டு ஒட்டவேண்டிய அதே இடங்களுக்குப் போட்டியிடும் என்பதால், காய்ச்சி வடித்த நீரில் கிடைத்த பெறுபேற்றை நம்பி யாருக்கும் குடிக்கக் கொடுக்க முடியாது. தூள் தண்ணீரோடு குடத்துக்குள் போகாமல் மணிகளாகத் திரட்ட வேண்டும். நஞ்சை உறிஞ்சிக் களைத்த மணிகளை வயலோரம் கொட்டவும் கூடாது.

ஆகவே உன் ஆய்வுகூடத்தில் உள்ள, நீரில் புளோரைட்டை அளக்கும் மின்வாய் எங்களுக்குத் தேவை. குழாய்க்கிணற்று நீரை வடிகட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்து தா. இலங்கை நியமப்படி லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குள் இறங்குகிறதா என்பது தெரிந்தபின்புதான் கூட்டத்தில் நான் வாய் திறப்பேன். மாதிரிகளைப் பிளாஸ்திக் போத்தல்களில் அனுப்புகிறேன். கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிவிடாதே.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்