கொத்தும் பையும் தந்தவர்களுக்கு

வணக்கம்.

கண்காட்சி முடிந்து, பல்கலைக்கழகக் கலைக்கூடத்தைக் கூட்டித் துடைத்த கையோடு இதை எழுதுகிறோம். 'பொருள் தந்தவர்கள்' என்று உங்கள் பெயர்களைச் சுவரில் போட்டிருந்தோம். அது போதாது. எதை வைப்பது, எங்கே வைப்பது, என்ன எழுதுவது என்று முடிவெடுத்ததும் நீங்கள்தான்.

1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனில் தொடங்குவதென்றுதான் நாங்கள் கீறி வைத்திருந்தோம். ஒட்டுசுட்டான் ஐயா ஒரே பேச்சில் மாற்றிவிட்டார். "அவருக்குக் கற்சிலைமடுவில நினைவுக்கல்லு இருக்கு பிள்ளையள். நீங்கள் சூடடிக்கிற களத்தைக் காட்டுங்கோ." அடுத்த கிழமையே வைக்கோலும் நுகமும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கின. அவருடைய கொத்தில், அதாவது நெல் அளக்கும் படியில், நாங்கள் '1' என்று இலக்கம் ஒட்டியதைப் பார்த்துச் சிரித்தார். களத்தில் நெல் அளக்கும்போது 'ஒன்று' சொல்வதில்லையாம். 'லாபம்' என்றுதான் முதற்கொத்து விழும், பிறகுதான் இரண்டு. பட்டம் படித்த எங்கள் நாலு பேருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. அட்டைகளைக் கழற்றி 'லாபம், 2, 3' என்று திருப்பி எழுதினோம்.

கிளிநொச்சி அம்மா தந்தது, 2009 போரில் காணி உறுதிப் பத்திரத்தைச் சுற்றிக்கொண்டு நடந்த பை. பசளைப் பையை வெட்டிக் கையால் தைத்தது. "உறுதி என்னோட இருக்கட்டும், பை உங்களோட இருக்கட்டும்" என்றார். மடிப்புக்குள் கிடந்த மண்ணைத் தட்டப் போனோம். "மண்ணைத் தட்டினா இது வெறும் பை, விடுங்கோ." விட்டோம். அதற்கு விளக்கமும் எழுதவில்லை. அதுவும் அவர் சொல்லித்தான்.

கோவலன் கூத்து உடுப்பு தந்த முள்ளியவளை அண்ணாவியாருக்கும், அதைப் பொம்மைக்குப் போடாமல் கொடியில் தொங்கவிடச் சொன்னதற்கும் நன்றி. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முன்னம் திறந்தால் ஒருத்தரும் வரமாட்டினம் என்று தடுத்த மாமிக்குத் தனி நன்றி. திகதியைத் தள்ளினோம், சனமும் வந்தது. பம்பலாய்க் கதைத்துக்கொண்டு மூன்று நாள் தேத்தண்ணி ஊற்றிய அக்காமாரை மறந்தால் சாப்பாடு கிடையாது.

பொருள்களை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஒரு சுளகு மட்டும் மிஞ்சி நிற்கிறது. விளிம்பில் நீலச் சீலை வைத்துத் தைத்தது. உரியவர் சொல்லியனுப்பினால் கொண்டுவந்து தருவோம்.