பரிசாகத் தரும் பை நெடுநாள் உழைக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டை, ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பகுதிகளில் நடக்கும் திருமணங்களிலும் வளைகாப்புகளிலும் தரப்படும் தாம்பூலப் பைகளில் பல, துணிபோலத் தோற்றமளிக்கும் பிளாஸ்டிக் பைகளாகவே இன்னமும் இருக்கின்றன. பாலிபுரொப்பிலீனால் ஆன, நெய்யப்படாத இந்தப் பைகள், 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடைசெய்யப்பட்டவை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கிய பிறகு பருத்திப் பை கொடுப்போரையும் காண்கிறேன். ஆனால் அவற்றிலும் சில, இரண்டு தேங்காய்களின் எடைக்கே கைப்பிடி பிய்ந்துவிடும் அளவுக்கு மெல்லியவை.

அனைவருக்கும் இயலாவிட்டாலும், நெருங்கிய உறவினருக்கும் தோழியருக்குமாவது குயில்டிங் தையல் போட்ட பைகளைத் தைத்துத் தரலாம் என்பது என் வேண்டுகோள். மேல்துணி, நடுவில் தடித்த ஓர் அடுக்கு, உள்ளே லைனிங் துணி ஆகிய மூன்றையும் சேர்த்துக் கோடுகோடாகத் தைப்பதே இந்த வேலை. அந்தக் கோடுகள் அழகுக்காக மட்டும் அல்ல. நடு அடுக்கு நகர்ந்து ஓரிடத்தில் திரண்டுவிடாமல் பிடித்துவைப்பவை அவையே. அதற்குக் கடையில் விற்கும் பஞ்சு விரிப்புதான் வேண்டும் என்பதில்லை. பலமுறை துவைத்து மென்மையான பருத்திப் புடவையை மடித்து வைத்தாலே போதும். பாட்டியின் புடவை பேத்தியின் பைக்குள் இருக்குமானால், அதைவிட நல்ல பரிசு எனக்குத் தெரிந்து இல்லை.

புதுத் துணிகளை முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் ஓர் அடுக்கு சுருங்கி, மற்றொன்று சுருங்காமல் பை கோணிக்கொள்ளும். மூன்று அடுக்குகளையும் கையால் நீளமான ஓட்டுத்தையல் போட்டு இணைத்த பின், நடுவிலிருந்து இரு பக்கமும் ஒன்றரை அங்குல இடைவெளியில் தைத்துச் செல்ல வேண்டும். இரு ஓரங்களிலிருந்தும் உள்நோக்கித் தைத்தால் நடுவில் துணி புடைத்து மடிப்பு விழும். தைக்கத் தைக்கத் துணி உள்வாங்கும் என்பதால், சுற்றிலும் ஓர் அங்குலம் கூடுதலாக வைத்துத் தைத்து, அதன் பிறகே 15க்கு 16 அங்குலமாக வெட்டுவது நல்லது. காலால் மிதிக்கும் பழைய தையல் இயந்திரத்திலேயே, 16ஆம் எண் ஊசி போட்டு, தையலைச் சற்று நீளமாக வைத்துக்கொண்டால் இத்தனையும் செய்துவிடலாம். கைப்பிடி சேருமிடத்தில் சதுரமும் அதன் குறுக்கே பெருக்கல் குறியுமாகத் தைப்பதில் மட்டும் சிக்கனம் கூடாது. பை முதலில் கிழிவது பெரும்பாலும் அங்கேதான்.

துணிக்கு இங்கே பஞ்சமில்லை. எம்.சி. ரோட்டுப் பகுதித் தையல்கடைகளில், ரவிக்கைக்கும் சுடிதாருக்கும் வெட்டியதுபோக மிஞ்சும் நல்ல துண்டுகள் குப்பையோடு சேர்கின்றன. கேட்டால் மனமுவந்து கொடுக்கும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள்.

தாமே தைக்க இயலாதவர்கள், வீட்டிலிருந்தபடி தைக்கும் பெண்களிடம் கொடுக்கலாம். ஆனால், சாதாரணத் துணிப்பைக்குத் தரும் கூலியையே இதற்கும் பேசுவது நியாயமன்று. அடுக்கு இணைப்பது, கோடு தைப்பது, ஓரம் கட்டுவது எனப் பல மடங்கு நேரம் பிடிக்கும் வேலை இது. மண்டப அலங்காரத்துக்குக் கேட்ட தொகையைக் கொடுப்பவர்கள், தையல் கூலியில் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், இத்தகைய பையின் வெட்டு அளவுகளைப் படத்துடன், முகூர்த்த மாதங்களுக்கு முன்பாகவே ஒருமுறை வெளியிட்டால், தைக்கத் தெரிந்த பெண்கள் பலருக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை.