லைட்னிங் கால் யாருக்கு?

கும்பகோணம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வந்தது. முழங்காலுக்குப் புது எண்ணெய், மாடி வீட்டுக்காரருடன் தண்ணீர் மோட்டார் தகராறு, மருமகள் வேலை மாறியது என்று வீட்டு நடப்பையெல்லாம் அரைப் பக்கத்தில் முடித்துவிட்டு, மீதி முழுவதும் செல்போனைத் திட்டியிருக்கிறாய். அவரிடம் படித்துக் காட்டினேன். "எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தபோது, மூன்று நிமிடம் முடிந்துவிட்டது என்று சந்தாதாரரை அதட்டுவாளே, அதே குரல்" என்று சிரித்தார்.

உன் புகார் இதுதானே? டொராண்டோவிலிருந்து பிள்ளை கூப்பிடுவது காதில் விழுவதில்லை. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று கேட்கிறவர்கள் கூப்பிட்டால் மட்டும் தெருக்கோடி வரை கேட்கிறது. நடுவில் நாள் முழுவதும் ஏதோ ஒன்று 'டிங்' என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. கடையில் வாங்கி வந்த நாளிலிருந்து அந்தப் போனின் ஒலிகளை யாரும் தொடவில்லை என்பது உன் எழுத்திலேயே தெரிகிறது. யார் கூப்பிட்டாலும், எது வந்தாலும் ஒரே சத்தம் என்றால் காது ஏன் மெனக்கெட வேண்டும்? அதுவும் ஓய்வு பெற்றுவிட்டது.

இந்த விஷயம் நமக்கா புதிது? அந்தக் காலத்தில் ட்ரங்க் கால், அதாவது வெளியூர் அழைப்பு, புக் செய்கிறவரிடம் நாம் கேட்ட முதல் கேள்வியே ஆர்டினரியா, அர்ஜண்டா, லைட்னிங்கா என்பதுதான். அர்ஜண்டுக்கு இரட்டைக் கட்டணம். லைட்னிங் என்றால் அதற்கும் மேலே பல மடங்கு. ஆனால் வரிசையில் காத்திருக்கும் எல்லாரையும் தாண்டி அது போகும். போதாததற்கு பி.பி. கால் வேறு. இன்ன ஆள் வந்தால்தான் பேசுவேன் என்று பெயர் சொல்லிப் பதிவது. எந்த அழைப்புக்கு முதலிடம் என்று ஊருக்கே பிரித்துக் கொடுத்த நீ, உன் சொந்தப் போனில் எல்லாவற்றையும் ஒரே வகுப்பில் போட்டு வைத்திருக்கிறாய். அதைப் பிரித்து வைப்பதற்கு ஒரு மத்தியானம் போதும்.

முதலில் லைட்னிங். இது நான்கைந்து பேருக்கு மேல் இருக்கவே கூடாது. பிள்ளை, பெண், தங்கை, உன்னைப் பார்க்கும் டாக்டர், பக்கத்து வீட்டுப் பையன். இவர்கள் ஒவ்வொருவருக்கும் தனி ரிங்டோன் வை. காண்டாக்ட்ஸில் பெயரைத் திறந்தால் மேல் மூலையில் மூன்று புள்ளிகள் இருக்கும். அதைத் தொட்டால் 'செட் ரிங்டோன்' என்று வரும். சில போன்களில் 'எடிட்' என்பதற்குள் போய், 'மேலும் காட்டு' என்பதைத் தொட்ட பிறகுதான் தென்படும். எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பெயர் பெரும்பாலும் சிம் கார்டில் சேமிக்கப்பட்டிருக்கும். பழைய போனிலிருந்து அப்படியே வந்த பெயர்களுக்கு இது சகஜம். சிம்மில் பெயரும் எண்ணும் மட்டும்தான் நிற்கும். ரிங்டோனுக்கு அதில் இடம் கிடையாது. போனுக்கோ கூகுள் கணக்குக்கோ மாற்றிச் சேமித்துவிட்டால் வழி திறந்துவிடும்.

ஆனால் உன் பிள்ளைக்கு இது மட்டும் போதாது. அவன் கூப்பிடுவது வாட்ஸ்அப்பில். காண்டாக்ட்ஸில் நீ வைக்கிற ரிங்டோன் சாதாரண அழைப்புக்குத்தான். வாட்ஸ்அப் அதைச் சட்டை செய்யாது, தன் மணியைத்தான் அடிக்கும். ஆகவே வாட்ஸ்அப்புக்குள் போய், அவன் பெயரைத் தொட்டுத் திறந்து, நோட்டிபிகேஷன் பகுதியில் அவனுக்கென்று தனி ஒலியை இயக்க வேண்டும். அங்கே செய்திக்கு ஓர் ஒலி, அழைப்புக்கு ஓர் ஒலி என்று இரண்டைத் தனித்தனியாக வைக்கச் சொல்லும். அழைப்புக்கு, காண்டாக்ட்ஸில் வைத்த அதே ஒலியைத் தேர்ந்தெடு. எந்த வழியாகக் கூப்பிட்டாலும் பிள்ளை பிள்ளைதான் என்று காதுக்குத் தெரியட்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். அவன் இரவுச் சாப்பாடு முடித்து ஒன்பது மணிக்குக் கூப்பிடுவதாக எழுதியிருக்கிறாய். கோடைக்காலத்தில் டொராண்டோவின் இரவு ஒன்பது நமக்குக் காலை ஆறரை. குளிர்காலத்துக்காக அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் திருப்பி வைத்த பிறகு ஏழரை. உன் போனில் யாரோ இரவுக்குத் 'தொந்தரவு செய்யாதே' என்பதைப் போட்டுக் கொடுத்து, அது ஏழு மணி வரை ஓடிக்கொண்டிருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். நீ நவம்பரில் பேச முடிந்தது, மே மாதத்தில் முடியவில்லை என்று சொல்வதை வைத்துத்தான் சொல்கிறேன். அதன் முடிவு நேரத்தை ஆறு மணியாக மாற்று. அதே இடத்தில், நட்சத்திரம் இட்ட பெயர்களின் அழைப்பை மட்டும் அனுமதிக்கும் வசதியும் இருக்கிறது. கால் மணி நேரத்துக்குள் ஒரே ஆள் மறுபடி கூப்பிட்டால் மணி அடிக்கச் செய்யும் வசதியும் உண்டு. நடு இரவில் அவசரம் என்றால் வாட்ஸ்அப்பை நம்பாமல் சாதாரண அழைப்பாகவே கூப்பிடும்படி அவனிடம் சொல்லி வை.

அர்ஜண்ட் வகுப்பு, தெரிந்தவர்கள் மற்ற எல்லாரும். அவர்களுக்குத் தனித்தனியாக ஒன்றும் வேண்டாம், பொது ரிங்டோன் போதும். அந்தப் பொது ரிங்டோனையே ஊமையாக்கிவிட்டால் தெரியாத எண்கள் தொந்தரவு செய்யாது என்று என் தம்பி மகன் யோசனை சொன்னான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவன் தெரியாத எண்ணிலிருந்துதான் கூப்பிடுகிறான். ரத்தப் பரிசோதனை நிலையமும் அப்படித்தான். பொது ஒலியைச் சற்று மெதுவானதாக வைத்துக்கொள், அடியோடு அணைக்காதே. விற்பனைக்காரர்களுக்கு மருந்து வேறு. 1909-ஐ அழைத்து வணிக அழைப்புகள் வேண்டாம் என்று பதிந்துவிடு. பதிந்தும் 140 என்று தொடங்கும் எண் வந்தால் எடுக்காமல் இரு.

மீதி எல்லாம் ஆர்டினரி. இங்கேதான் கைவைக்க வேண்டும், நீ கைவைக்கத் தயங்குவாய் என்றும் தெரியும். காலை வணக்கம் படங்கள் வரும் குழுக்கள், ஓய்வூதியர் சங்கக் குழு, நாத்தனார் வீட்டுக் குழு, எல்லாவற்றையும் 'மியூட்' செய். கால அளவு கேட்கும்போது 'எப்போதும்' என்பதைத் தொடு. யாருக்கும் தெரியப் போவதில்லை. செய்தி வரும், மணி அடிக்காது, அவ்வளவுதான். தள்ளுபடி, சீட்டு விளையாட்டு, ஜோதிடம் என்று தானாக வந்து குதிப்பவற்றை விரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் 'சைலண்ட்' என்று ஒரு வழி காட்டும். 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், ஒரே செயலிக்குள்ளேயே வகை பிரித்து அடக்க முடிகிறது. வங்கிச் செயலியில் பணம் எடுத்த செய்திக்கு ஒலி இருக்கட்டும், கடன் விளம்பரத்துக்கு வேண்டாம் என்று சொல்லலாம். செயலி எழுதியவர் வகையை ஒழுங்காகப் பிரித்திருந்தால்தான் இது பலிக்கும். பலர் வேண்டுமென்றே பிரிப்பதில்லை.

என் கட்சி இதுதான், சரோஜா: சத்தம் மனிதர்களுக்கு மட்டும். இயந்திரம் அனுப்புவதை நாம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். விதிவிலக்காக வங்கிக்கு ஒன்று விட்டிருக்கிறேன்.

இனி எந்த ஒலி என்ற கேள்வி. இதில் அவரால் நான் கொஞ்சம் படித்துவிட்டேன். அவருக்கு இரண்டு வருடமாகக் காது மந்தம். போன் மேஜை மேலேயே இருக்கும், அடிக்கும், செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார். செவித்திறன் சோதனைக்குப் போனபோது, வயதானால் முதலில் போவது உயர்ந்த சுருதி ஒலிகள்தான் என்று விளக்கினார்கள். பறவைக் கீச்சு போலவும் கண்ணாடி மணி போலவும் போன்களில் வருகிற ஒலிகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கின்றன. அப்படியானால் கனமான ஒலியாக வைக்கலாம் என்று மிருதங்கத் தனியாவர்த்தனத்தைப் போட்டுப் பார்த்தோம். இடந்தலையின் கும்காரம் எங்கே போனது என்றே தெரியவில்லை. வலந்தலை மட்டும் டப்பாவைத் தட்டுவது போலக் கேட்டது. செல்போனின் ஒலிபெருக்கி விரல் நகம் அளவுதான், ஆழ்ந்த ஒலியை அதனால் எழுப்ப முடியாது. ஆக மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல், நடு ஸ்தாயியில் நின்று ஒலிப்பதுதான் நம் வயதுக்கு. வீணை அழகுதான், ஆனால் சமையலறை வரை வராது. நாகஸ்வரம் வரும்.

கும்பேஸ்வரர் கோயில் மாசித் திருவிழாவில் நானே பதிவு செய்த மல்லாரி ஒன்று போனில் இருந்தது. கம்பீர நாட்டை ராகம், கூடவே தவில். வெட்டி ரிங்டோனாக வைத்ததும் கொல்லைப்புறத்திலிருந்து ஓடி வந்தார். காது கேட்டதற்கு மகிழ்வார் என்று பார்த்தால், "சுவாமி புறப்பாட்டுக்கு வாசிப்பதைக் குளியலறையில் இருக்கும்போதெல்லாம் அடிக்க விடுவாயா?" என்று கோபித்துக்கொண்டார். அதுவும் நியாயம்தான். கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது பழைய கறுப்புத் தொலைபேசியின் மணியை. இரண்டு முறை அடித்து, நிறுத்தி, மறுபடி இரண்டு முறை அடிக்கும் அதே மணி. அடித்து நின்று அடிக்கிற ஒலி, இடைவிடாமல் ஓடுகிற பாட்டைவிட அவர் காதை நன்றாகப் பிடிக்கிறது. மல்லாரியை எனக்கு வைத்துக்கொண்டேன், பெண் கூப்பிடும்போது மட்டும்.

நீயும் பாட்டு வைக்க ஆசைப்பட்டால் தொடக்கத்தை வெட்டிவிடு. ஆலாபனை மெல்ல எழும்புவதற்குள் அழைப்பு நின்றுவிடும். எடுக்காத செல்போன் அழைப்பு முப்பது நொடிதான் ஒலிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வரையறுத்தது. சாதாரணத் தொலைபேசிக்கு அறுபது நொடி. அதனால் பல்லவியின் உச்சத்திலிருந்து இருபத்தைந்து நொடி எடுத்தால் போதும். வெட்டிய கோப்பை 'ரிங்டோன்ஸ்' என்ற ஃபோல்டரில் போட்டு வை. வாட்ஸ்அப்பில் வந்த கோப்பை அப்படியே ரிங்டோனாக்கிவிட்டு, பிறகு இடத்தைக் காலி செய்கிறேன் என்று அதையும் அழித்தால் போன் பழைய ஒலிக்கே திரும்பிவிடும். ரிங்டோன் தருகிறேன் என்று வரும் செயலிகளை மட்டும் இறக்காதே. ஓர் ஒலியைக் கொடுப்பதற்கு உன் தொடர்புப் பட்டியல் அவற்றுக்கு எதற்கு?

பேரப்பிள்ளை குரலைப் பதிந்து வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். உன் வீட்டுக்குள் என்றால் வை. துக்க வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது "பாட்டி, போனை எடு, போனை எடு" என்று பை கத்தினால் என்ன செய்வாய்? சினிமாப் பாட்டுக்கும் அதே கதிதான். போன மாதம் ஒரு பதினாறாம் நாள் காரியத்தில் குத்துப்பாட்டு ஒலித்து, உரியவர் எல்லாப் பைகளிலும் தேடி எடுப்பதற்குள் பல்லவி முடிந்து சரணமே வந்துவிட்டது.

பேத்தி ஐபோன் வைத்திருக்கிறாள். அதில் நம் பாட்டை வைப்பதற்கு வெகுகாலம் கணினி வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு செயலியில் ஏற்றி இறக்க வேண்டும் என்றிருந்தது. 2025-ல் வந்த ஐஓஎஸ் 26-ல்தான் முப்பது நொடிக்குட்பட்ட கோப்பை நேரடியாக ரிங்டோனாக்க விட்டார்கள். அத்தனை விலை கொடுத்து வாங்கிய போனில் இத்தனை காலம் கழித்து!

நம் தந்தி அலுவலக நண்பர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய நோக்கியாவில் குறுஞ்செய்தி வந்தால் ஓர் ஒலி வருமே, மூன்று குட்டை, இரண்டு நெட்டை, மறுபடி மூன்று குட்டை? அது மோர்ஸ் தந்திக் குறியீட்டில் எஸ்.எம்.எஸ். என்ற எழுத்துகள். நாமெல்லாம் வெறும் 'பீப்' என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தந்திக்காரர்கள் முதல் நாளே படித்திருப்பார்கள். அந்த நோக்கியாவின் பிரபலமான மணி கூட ஸ்பெயின் நாட்டு கிதார் மேதை பிரான்சிஸ்கோ தாரெகா 1902-ல் எழுதிய வால்ட்ஸ் என்ற நடன இசை ஒன்றிலிருந்து எடுத்ததுதான். உலகமே ஒரே மெட்டைக் கேட்டுத் தன் பையைத் தடவிப் பார்த்த காலம் அது. பஸ்ஸில் ஒன்று அடித்தால் எட்டுப் பேர் குனிவார்கள். தனி ரிங்டோனின் அவசியம் அங்கேதான் பிறந்தது என்பேன்.

இங்கே மற்றபடி சுகம். காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது, கொசுவும் வந்துவிட்டது. ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றிதழை நவம்பரில் மறக்காமல் கொடுத்துவிடு. போன வருடம் போலக் கடைசி நாள் வரை இழுக்காதே. எல்லா ஒலியையும் மாற்றி முடித்ததும் பிள்ளையை இரண்டு வழியிலும் ஒருமுறை கூப்பிடச் சொல்லிச் சோதித்துப் பார். அந்த நேரம் போனைக் கையில் வைத்துக்கொள்ளாமல் சமையலறையில் குக்கர் பக்கத்தில் நின்று கேள்.

எனக்கும் ஒரு சிக்கல் தீராமல் இருக்கிறது. சம்பந்தி அம்மாள் தினமும் மாலை கூப்பிட்டால் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து வைப்பதில்லை. லைட்னிங்கில் போட்டால் என் கதி அதோகதி. ஆர்டினரியில் போட்டால் பெண்ணுக்குத் தெரிந்து வருத்தப்படுவாள். அவருக்கு எந்த வகுப்பு என்று நீயே தீர்ப்பு எழுது.

அன்புடன்,
லலிதா