மிச்ச மீனில் வருவதல்ல நாகைக் கருவாடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கடலோர உணவுகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, கருவாட்டை விற்காமல் மிஞ்சிய மீனுக்கான கடைசி வழி என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. நாகப்பட்டினக் கரையில் இந்தத் தொழில் தெரிந்தவர்கள் யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வெயிலில் கிடந்து வயிறு வெடித்த மீனுக்கு எவ்வளவு உப்பைக் கொட்டினாலும் நல்ல கருவாடு வராது. அது மீன் தூளுக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிற சரக்கு. சாப்பாட்டுக் கருவாட்டுக்கு அக்கரைப்பேட்டைத் துறைமுகத்து ஏலத்தில் நின்று, செவுள் சிவப்பு மாறாத, வயிறு கெட்டியான மீனாகப் பார்த்து எடுக்க வேண்டும். குழம்புக்கு மீன் வாங்கும்போது எதைப் பார்ப்போமோ அதையேதான் இதற்கும் பார்க்க வேண்டும்.

இது வெறும் ருசிக்காகச் சொல்வதல்ல. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மாதிரி சதை சிவந்த மீன்கள் ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தாலே அவற்றில் ஹிஸ்டமின் சேர ஆரம்பித்துவிடும். ஒரு முறை சேர்ந்துவிட்டால் உப்பு, வெயில், கொதிக்கிற குழம்பு எதுவும் அதை அழிக்காது. கருவாடு சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை வலித்தால் "எனக்குக் கருவாடு ஒத்துக்கொள்ளாது" என்கிறார்கள். பல நேரம் குற்றம் கருவாட்டின் மேல் இல்லை, உப்பு போடத் தாமதித்தவர் மேல்தான்.

சீலா மீனை எடுத்துக்கொள்வோம். தலையிலிருந்து வால் வரை முதுகெலும்பை ஒட்டியே கத்தியை விட்டு, மீனைப் புத்தகம் போல விரிக்க வேண்டும். குடலையும் செவுளையும் எடுத்துவிடுவது எல்லாருக்கும் தெரியும். எலும்புக்கு அடியில் கருஞ்சிவப்பாக ஓடும் ரத்தக் கோட்டைத்தான் விட்டுவிடுகிறார்கள். அதை நகத்தாலோ கரண்டி முனையாலோ சுரண்டி எடுத்துக் கழுவாவிட்டால், கருவாடு முதலில் அந்த இடத்தில்தான் கருத்து நாறும். சதை ஒரு விரல் கனத்துக்கு மேல் இருந்தால் உள்பக்கம் இரண்டு மூன்று கீறல் போட வேண்டும். பிறகு உப்பு. பெரிய மீனுக்கு 3 கிலோ மீனுக்கு 1 கிலோ உப்பு, நடுத்தர மீனுக்கு 4 அல்லது 5 கிலோவுக்கு 1 கிலோ. தலைக்குழியிலும் கீறல்களிலும் விரலால் அழுத்தித் திணித்து, தொட்டியில் சதைப்பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே உப்பைத் தூவுவார்கள். கடைசி வரிசையை மட்டும் தோல் மேலே வரும்படி கவிழ்த்து, பலகை வைத்துப் பாரம் ஏற்றுவார்கள். சில மணி நேரத்தில் மீனே தண்ணீர் விட்டு அதில் மூழ்கிவிடும். பாரம் இல்லாமல் மிதக்கிற மீனில் காற்றுப் படுகிற பக்கம் பழுத்துப் போகும். நடுத்தர மீனுக்கு ஒரு நாள், கனத்த மீனுக்கு 2 முதல் 3 நாள் தொட்டி. எடுத்ததும் புதிதாகக் கரைத்த உப்புத் தண்ணீரில் ஒரு முறை அலசிக் காயப்போட வேண்டும். நல்ல தண்ணீரில் ஊறவிட்டால் ஏறிய உப்பு இறங்கிவிடும்.

மீன் விட்ட அந்த ரத்தத் தண்ணீரை அடுத்த தொட்டிக்கும் ஊற்றி உப்பை மிச்சம் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கருவாட்டு நாற்றம் என்று ஊர் முகம் சுளிக்கிறதே, அதில் பாதி இந்தப் பழைய தண்ணீரின் நாற்றம். ஒழுங்காகப் போட்ட கருவாட்டில் வாசனை இருக்கும், அழுகல் வாடை இருக்காது.

நெத்திலிக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. கடல் தண்ணீரில் அலசி, பரவலாக விரித்தால் நல்ல வெயிலில் ஒன்றரை, இரண்டு நாளில் காய்ந்துவிடும். ஏறக்குறைய 4 கிலோ பச்சை நெத்திலி காய்ந்து 1 கிலோவாகும் என்பதை நினைத்தால், கடையில் சொல்லும் விலை ஏன் என்பது புரியும்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பு அள்ளிய வேதாரண்யம் எங்களுக்குத் தெற்கே, இதே கரையில்தான் இருக்கிறது. உப்பளம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் உப்பால் கெட்ட கருவாடு சந்தையில் நிறையவே இருக்கிறது. பாத்தியிலிருந்து அள்ளிய கையோடு வரும் புது உப்பில் மெக்னீசியம் அதிகம். அது கருவாட்டைக் கசக்க வைக்கும், ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்க வைக்கும். அம்பாரமாகச் சில மாதம் கிடந்த உப்பில் இந்தக் கசப்பு நீர் வடிந்துபோயிருக்கும். தூள் உப்பும் ஆகாது. மேல் சதை உடனே இறுகி, உப்பு உள்ளே இறங்காமல் வழியை அடைத்துவிடும். பெரிய கல்லுப்போ கரைய நேரம் பிடிக்கும், அதற்குள் நடுச்சதை கெட்டுவிடும். ஒன்றிரண்டாக இடித்த பழைய கல்லுப்புதான் சரி. மழைக்காலத்தில் கருவாட்டின் மேல் இளஞ்சிவப்புப் பூச்சு படிவதைப் பலர் பார்த்திருப்பார்கள். உப்பிலேயே வாழ்கிற ஒருவகை நுண்ணுயிரியின் வேலை அது. உப்போடு வந்து, ஈரமும் சூடும் கிடைத்ததும் பெருகுகிறது. லேசாக இருக்கும்போதே உப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிக் காயவைத்தால் நிற்கும். வழவழப்பும் வாடையும் வந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

கருவாடு காய்வதில் காற்றுக்குப் பங்கு வெயிலைவிடக் குறைவில்லை. மேற்கே நிலத்துப் பக்கமிருந்து வரும் கச்சான் வறண்ட காற்று, கருவாடு சுருக்கென்று காயும். கடல் பக்கமிருந்து கொண்டல் வீசினால் வெயில் அடித்தாலும் மேலே ஈரம் பிடித்தபடியே இருக்கும். முதல் நாள் உச்சி வெயிலில் கனத்த மீனைப் போடுவது பெரிய தப்பு. மேல்பக்கம் பொரிந்து ஓடாகிவிடும், உள்ளே ஈரம் சிக்கிக்கொள்ளும். பார்வைக்குக் காய்ந்த சரக்கு, பத்து நாளில் எலும்போரம் புளித்துவிடும். முதல் நாள் காலையும் மாலையும் மட்டும் வெயில், நடுப்பகல் நிழல் காற்று. இரவில் அடுக்கிப் பாரம் வைத்தால் உள் ஈரம் மேலே வரும், மறுநாள் வெயில் அதை எடுத்துவிடும். இப்படி 3, 4 நாள். கட்டைவிரலால் கனத்த இடத்தில் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து நின்றால் இன்னும் ஒரு நாள் வேண்டும்.

ஈ முட்டையிடுவது பெரும்பாலும் மேலே ஈரம் இருக்கும்வரைக்கும்தான். அந்த நேரத்துக்குக் கொசுவலை போர்த்தினாலே போதும். பூச்சிமருந்தைக் கருவாட்டின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நெத்திலி வெள்ளி மினுமினுப்போடு, வயிறு உடையாமல், வளைத்தால் சட்டென்று ஒடிய வேண்டும். ஓரம் மஞ்சளாகிச் சிக்கு வாடை அடித்தால் கொழுப்புக் கெட்ட பழைய சரக்கு. உள்ளங்கையில் தட்டிப் பார்த்தால் மணலில் காய்ந்ததா வலையில் காய்ந்ததா என்று தெரிந்துவிடும். ஈரக் கருவாட்டை பாலிதீன் பையில் கட்டினால் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அடைமழைக் காலத்தில் 15 நாளுக்கு ஒரு முறை வெயில் காட்டுவது நல்லது. சமைக்கும்போது அரிசி களைந்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவி, கத்தரிக்காயோ மாங்காயோ முக்கால் பதம் வெந்த பிறகு குழம்பில் போட வேண்டும். கருவாடு கொதித்து முடித்த பிறகுதான் உப்பு பார்ப்பது. முதலிலேயே உப்புப் போட்டுவிட்டு, கருவாடு கரிக்கிறது என்று குறை சொல்வதில் நியாயமில்லை. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இரண்டு தண்ணீர் மாற்றி ஊறவைத்தாலும் அளவோடுதான் சாப்பிட வேண்டும்.

இந்தக் கருவாடு கடற்கரையோடு நின்றுவிடுவதில்லை. திருவாரூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வயற்காடுகளில் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள நாகைக் கருவாடு போயிருக்கிறது. அறுவடை நாளில் கூடையோடு களத்துக்குப் போய், நெல்லுக்கு மாற்றிக்கொண்டு திரும்பிய பெண்களைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் பல வீடுகளில் அடுப்பு எரிவது, தையிலிருந்து பங்குனிக்குள் போட்டுவைத்த கருவாட்டை விற்ற காசில். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாக் கருவாடு எடுத்துவைப்பதும் இந்தக் கரையின் வழக்கம். கருவாடு விற்ற காசு நாறாது என்று பழமொழி சொல்லும் நாமேதான், அந்தக் கூடையோடு ஒரு பெண் பேருந்தில் ஏறினால் இறங்கச் சொல்கிறோம். மனசு வலிக்கிறது.

இதில் பெரும்பாலான வேலை பெண்கள் கையில் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு பல குடும்பங்களுக்கு வீடு கரையை விட்டு உள்ளே தள்ளிக் கிடைத்தது. பாதுகாப்புக்கு அது சரி. ஆனால் காயப்போட்ட இடம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்றானதால், மேகம் கறுத்ததும் ஓடிப்போய் அள்ள முடிவதில்லை. ஒரு தூறல் பட்டால் மூன்று நாள் உழைப்பும் கழிவு விலைக்குப் போகிறது. மணலிலும் சாலையோரத்திலும் காயப்போடுகிறவர்கள் ஆசைப்பட்டு அப்படிச் செய்யவில்லை, வேறு இடம் இல்லை.

ஆகவே கருவாட்டைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் தேவைப்படுவது பெரிய ஆலை அல்ல. சரிவாகக் கட்டிய சிமெண்ட் தளம், அதன் மேல் 3 அடி உயரத்தில் வலை இழுத்துக் கட்டிய பரண், மீன் கழுவ ஒரு நல்ல தண்ணீர்க் குழாய், கழுவிய தண்ணீர் தேங்காமல் போக ஒரு வாய்க்கால், மழை வந்தால் அப்படியே இழுத்து வைக்க ஒரு கொட்டகை. பரணில் கீழிருந்தும் காற்று ஏறுவதால் சீக்கிரம் காயும், மணல் ஒட்டாது, நாய் வாய் வைக்காது. அதே மீன், அதே உப்பு, அதே கைதான். மணலில் காய்ந்ததைவிட நல்ல விலைக்குப் போகும்.

இப்படிக்கு,
கருவாட்டுத் தொழில் அறிந்த வாசகர்கள்,
நாகப்பட்டினம்.