நாளை தாலின்: இறங்கும் முன் படித்துவிடுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நாளை காலை 9 மணிக்கு எஸ்டோனியாவின் தாலினில் இறங்குகிறோம். கப்பலில் விற்கும் பேருந்துச் சுற்றுலா தேவையே இல்லை என்பது என் கருத்து. துறைமுகத்திலிருந்து பழைய நகரம் நடக்கிற தூரம்தான், 20 நிமிடம் ஆகும். 'தடித்த மார்கரெட்' என்கிற பருத்த கோபுரத்தை ஒட்டிய வாசல் வழியாக நுழைவோம்.

முதலில் மேட்டுப்பகுதியான தூம்பேயா. அங்குள்ள கோஹ்துஒட்சா மேடையிலிருந்து சிவப்பு ஓட்டுக் கூரைகளும் மதில் கோபுரங்களும் கடலும் ஒருசேரத் தெரியும். மற்ற கப்பல்காரர்கள் வந்து குவிவதற்குள் போய்விட வேண்டும். அப்புறம் கீழே நகர மன்றச் சதுக்கம். மன்றக் கட்டடம் 1404இல் கட்டி முடித்தது. அதே சதுக்கத்தில் 1422இலேயே ஏடுகளில் பதிவான மருந்துக்கடை இருக்கிறது, இன்றும் மாத்திரை விற்கிறார்கள் (தலைவலிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்!). சாப்பாடு சதுக்கத்தில் வேண்டாம், விலை அதிகம். இரண்டு தெரு தள்ளிப் பார்ப்போம்.

தெருவெல்லாம் கரடுமுரடான கல் பாவியது, ஹீல்ஸ் போடாதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் மேட்டுக்கு டாக்ஸி பிடிக்கலாம். பணம் யூரோதான்.

மாலை 4:30க்குள் கப்பலில் இருக்க வேண்டும். வருகிறவர்கள் இன்றிரவுக்குள் இங்கே பெயர் போடுங்கள்.